அபின் வயலில் அளவு நாடா

(இந்த வாரம் பதில் எழுதுபவர் மத்திய அரசின் போதைப்பொருள் துறையில் பணியாற்றியவர். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சோர் பகுதிகளில் அபின் சாகுபடியை அளந்து கண்காணிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோபிச்செட்டிபாளையம் அருகே தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போட்டுப் பண்ணையம் பார்க்கிறார்.)

கேள்வி: தாலிபான்கள் ஒரே உத்தரவில் ஆப்கானிஸ்தானில் அபின் சாகுபடியை ஒழித்துவிட்டார்களாமே? இத்தனை சட்டம் வைத்திருக்கும் நம்மால் கஞ்சாவைக்கூட ஏன் ஒழிக்க முடியவில்லை?
— ஒரு விவசாயி, அந்தியூர்

ஒழித்தது உண்மைதான். அதுவும் இரண்டு முறை ஒழித்தார்கள். ஒரு முறை ஒழித்தது ஏன் ஒழிந்தபடியே இருக்கவில்லை என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதல் தடை 2000ஆம் ஆண்டு ஜூலையில் தாலிபான் தலைவர் முல்லா ஓமர் போட்டது. அபின் என்பது கசகசாச் செடியின் காயில் கசியும் பால்தான். ஏறக்குறைய 82,000 ஹெக்டேரில் இருந்த கசகசாப் பயிர் அடுத்த ஆண்டே 8,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. அந்த மிச்சமும் பெரும்பாலும் அவர்கள் ஆட்சி எட்டாத வடகிழக்கு பதக்‌ஷானில் இருந்ததுதான். 2001 இறுதியில் ஆட்சி கவிழ்ந்தது. 2002 அறுவடையில் பயிர் மறுபடியும் 74,000 ஹெக்டேர்!

இவ்வளவு வேகமாக எப்படித் திரும்பி வந்தது? அங்கே வியாபாரி அறுவடைக்கு முன்பே விவசாயிக்குப் பணம் கொடுத்துவிடுவான். சலாம் என்று அதற்குப் பெயர். திருப்பித் தர வேண்டியது பணம் அல்ல, அபின். நம் பக்கத்தில் மஞ்சள் மண்டியில் முன்பணம் வாங்கிய ஒருவரிடம், அந்த வருடம் பார்த்து மஞ்சளே போடக் கூடாது என்று சொன்னால் அவர் நிலை என்ன ஆகும்? தடை வந்த ஆண்டில் அபின் விலை பல மடங்கு ஏறியது. கடனோ அபின் கணக்கிலேயே நின்றது. ஒரு கிலோ கடன்பட்டவன் அதை அடைக்க மறுபடி கசகசா விதைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. லாபம் பார்த்தவர்கள் பெட்டியில் அபினைப் பூட்டி வைத்திருந்த பெரிய நிலக்காரர்களும் வியாபாரிகளும். அபின் லேசில் கெடாத சரக்கு. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விற்கலாம்.

பிறகு வந்த வெளிநாட்டார் செய்ததும் படிக்க வேண்டிய பாடம். 2002இல் பிரிட்டன், பயிரை அழிக்கச் சம்மதித்தால் நில அளவுக்கு ஏற்ப ரொக்கம் என்று அறிவித்தது. விவசாயி என்ன செய்வான்? அழிப்புக் காசுக்காகவே அடுத்த முறை கூடுதலாக விதைத்தான். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வயலுக்கு வந்து சேரவே இல்லை. நடுவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கா 2002 முதல் 2017 வரை ஆப்கான் போதைப்பொருள் ஒழிப்புக்கு மட்டும் 800 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அந்த 2017இல் என்ன நிலைமை தெரியுமா? 3,28,000 ஹெக்டேர், 9,000 டன் அபின். அதுவரை காணாத விளைச்சல். டிராக்டரை வைத்து உழுது அழித்தார்கள்தான். ஆனால் டிராக்டர் ஆள் பலம் உள்ளவனின் வயலுக்குப் போகவில்லை. லஞ்சம் கொடுக்க முடியாத ஏழையின் அரை ஏக்கரில்தான் இறங்கியது.

நம் கொங்கு விவசாயிக்கு உடனே புரியக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு. ஹெல்மண்ட் மாகாணத்தில் வாய்க்கால் பாசன நிலத்தில் கெடுபிடி அதிகமானதும் சனம் பாலைவனத்துக்குப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியது. முதலில் டீசல் மோட்டார், பிறகு சூரிய மின்தகடு. வெயில் இலவசம் என்றானதும் மணல் காட்டில் பசுமை பரவியது. நிலத்தடி நீர் கீழே போனது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் காணாத பல்லடம், காங்கேயம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கதையின் முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தடை 2022 ஏப்ரலில் வந்தது. 2,33,000 ஹெக்டேர் அடுத்த ஆண்டில் 10,800 ஆனது. 6,200 டன் விளைச்சல் 333 டன் ஆனது. உலகில் எந்த அரசும் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பரப்பைக் குறைத்ததில்லை என்றே நினைக்கிறேன். விலை யார் கொடுத்தார்கள்? ஐ.நா. கணக்குப்படி ஒரு ஹெக்டேர் கசகசாவில் சுமார் 10,000 டாலர் வரும் இடத்தில் கோதுமையில் 770 டாலர்தான் வரும். விவசாயிகளின் அபின் வருமானம் ஒரே ஆண்டில் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக வீழ்ந்தது. 2024 மே மாதம் பதக்‌ஷானில் பயிரை அழிக்க வந்தவர்களை ஊர் எதிர்த்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இதற்கிடையில் மியான்மர் 47,100 ஹெக்டேரில் 1,080 டன் எடுத்து 2023இல் உலக முதலிடத்துக்கு வந்துவிட்டது.

எதிர்த்துப் பேச முடியாத நாட்டில் தடை சீக்கிரம் பலிக்கும். அந்த வழி நமக்கு வேண்டாம். நம்மிடம் எது குறைகிறது என்பதற்குக் கீழே வேறு ஒருவரின் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வீட்டுக் குருமாப் பொடி கொடுத்தனுப்பலாமா? கசகசா சேர்த்து அரைத்தது.
— இல்லத்தரசி, சென்னிமலை

கூடவே கூடாது. நம் நாட்டில் கசகசா விதைக்குத் தடை இல்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே விதைக்கு விலக்கு உண்டு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அது தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடிபட்டால் குருமாக் கதை எடுபடாது. கசகசாவுக்குப் பதில் முந்திரி போட்டு அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையன் அங்கேயே வாங்கிக்கொள்வான்.

கேள்வி: இந்தியாவில் அரசாங்கமே அபின் பயிரிட அனுமதிக்கிறது என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். உண்மையா? அப்படியென்றால் தடை எங்கே இருக்கிறது?
— கல்லூரி மாணவி, நாமக்கல்

உண்மைதான் அம்மிணி. என் வேலையே அதுதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், மத்திய அரசு அறிவிக்கும் பகுதிகளில் மட்டும், உரிமம் பெற்றவர் கசகசா போடலாம். அந்த உரிமத்துக்கு அங்கே பட்டா என்றுதான் பெயர். அளவு மிகச் சிறியது: பலருக்குப் பத்து ஆர், அதாவது கால் ஏக்கர். தலைமை அலுவலகம் குவாலியரில். ஆலைகள் நீமச்சிலும் காசிப்பூரிலும். காசிப்பூர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தோன்றியது. சீனாவுக்குப் பெட்டி பெட்டியாகப் போன, அதற்காக பிரிட்டன் போரே நடத்திய அபினைக் காய்ச்சிய கம்பெனியின் கட்டடத்தில் இன்று மருந்துக்கு அபின் காய்ச்சுகிறார்கள். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.

ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு. செடி வளர்ந்ததும் நாங்கள் நாடாவோடு வயலில் இறங்குவோம். உரிம அளவுக்கு மேல் ஐந்து சதவீதம் வரை இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தால் கூடுதல் செடியைப் பிடுங்கியாக வேண்டும். வெள்ளைப் பூ உதிர்ந்து காய் திரண்டதும், மாசி வாக்கில், மதிய வெயிலில் பல முனைக் கத்தியால் காயைக் கீறுவார்கள். கீறுவதற்கு முன் வயலிலேயே தேங்காய் உடைத்துப் பூசை. கீறிய இடத்தில் பால் கசிந்து இரவில் பழுப்பாகி இறுகும். விடியலில் அதை வழித்து எடுப்பார்கள். ஊருக்கு ஒரு லம்பர்தார் இருப்பார். அன்றன்று யார் எவ்வளவு எடுத்தார் என்று பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. கிளிகள்தான் பெரிய தொல்லை. காயைக் கொத்திக்கொண்டு பறந்து, மரத்தில் உட்கார்ந்து, தள்ளாடும். விவசாயிகள் வயல் முழுக்க வலை கட்டுவார்கள்.

சித்திரையில் எடை மையத்தில் அபினை அரசுக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டும். என் காலத்தில் குறைந்தபட்ச விளைச்சல் என்று அரசு ஓர் அளவு வைத்திருந்தது; அதற்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு பட்டா இல்லை. விளைச்சல் எட்டாது என்று தெரிந்தவர்கள் கீறுவதற்கு முன்பே மனு கொடுத்து, எங்கள் முன்னிலையில் தம் பயிரை உழுதுவிடுவார்கள். அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பயிரை அழிக்கும் ஆள், பட்டாவைக் காப்பாற்றிக்கொண்ட நிம்மதியோடு நிற்பார். பயிர் அழிப்பு சண்டையில்லாமல் நடந்ததை நான் அங்கே மட்டும்தான் பார்த்தேன்.

ஓட்டை இல்லையா? உண்டு. அண்மை ஆண்டுகளில் அரசு கிலோவுக்குக் கொடுத்த விலை தரத்தையும் அளவையும் பொறுத்து 870 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள். கள்ளச் சந்தையில் அதைப்போலப் பற்பல மடங்கு. ஆகவே குறைந்தபட்ச அளவை அரசுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஒதுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். துருக்கி இதற்கு வேறு வழி கண்டது. 1971இல் அமெரிக்க நெருக்குதலால் சாகுபடியைத் தடை செய்து, 1974இல் தடையை எடுத்துவிட்டு, காயைக் கீறக் கூடாது, முழுக் காயாகவே அரசுக்குத் தர வேண்டும் என்று மாற்றியது. கீறினால்தானே பால், பால் இருந்தால்தானே திருட்டு? ஆலையில் காய்ந்த காயிலிருந்தே மார்ஃபின் என்னும் வலி மருந்தை எடுக்கலாம். நம் அரசும் சில ஆண்டுகளாக ஒரு பகுதி விவசாயிகளுக்கு இந்தக் கீறாத முறையில் உரிமம் தருகிறது. என்னைக் கேட்டால் இதை இருபது ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: எதற்கு இந்தத் தலைவலி? உரிமமும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். மொத்தமாக வேரோடு ஒழித்தால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாராபுரம்

ஐயா, உங்கள் வீட்டில் யாருக்கும் புற்றுநோய் வரவேண்டாம். வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபின்போல மலிவான, நம்பகமான மருந்து இன்னும் வரவில்லை. அதன் மூலப்பொருள் இந்தக் காய்தான். 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனை மார்ஃபின் வாங்க இந்த உரிமம், அந்த உரிமம், கொண்டுவரும் வழிக்கு இன்னோர் அனுமதி; ஒன்றின் கெடு முடிவதற்குள் மற்றொன்று கிடைக்காது. கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் பத்தாண்டுச் சிறை என்ற பயம். மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்தது. அதே ஆண்டுகளில் தெருவில் பிரவுன் சுகர் என்னும் ஹெராயின் குறைந்ததா? இல்லை.

என் மூத்த அக்கா தொண்ணூறுகளில் கருப்பைப் புற்றுநோயில் போனார். நான் நீமச்சில் டன் கணக்கில் அபினுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் ஒரு மார்ஃபின் மாத்திரை இல்லை. எழுதிக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்று மருத்துவர் கையை விரித்தார். அவர்மேல் தப்பில்லை. அக்கா கத்துவது தெருமுனை வரை கேட்கும் என்று மாமா சொன்னார்.

2014இல்தான் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளுக்கு ஒரே இடத்தில் உரிமம் என்று எளிதாக்கினார்கள். கேரளத்துக்காரர்கள் வலி நிவாரணப் பராமரிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம் பக்கம் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது. தடையை அளக்கும்போது பிடிபட்ட கிலோவை மட்டும் எழுதுகிறோம். மருந்து கிடைக்காமல் துடித்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி ஒதுக்கப்படவில்லை.

கேள்வி: ஈரோடு, சேலம் ரயில் நிலையங்களில் தினமும் கஞ்சா பிடிபடுவதாகச் செய்தி வருகிறது. நிறையப் பிடிபட்டால் கடத்தல் குறைகிறது என்று அர்த்தமா, கூடுகிறது என்று அர்த்தமா?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

இரண்டுமே இல்லை, அன்றைக்குச் சோதனை நடந்தது என்று அர்த்தம். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஒடிசா, ஆந்திரா வழியாக வந்து சேலம், ஈரோடு, திருப்பூர், கோவையைத் தொட்டுக்கொண்டு போகிறது. கழிப்பறைப் பக்கம் உரிமையாளர் இல்லாமல் கிடந்த பை என்று எத்தனை செய்தி படித்திருப்பீர்கள். பை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. விலையைக் கவனியுங்கள். சோதனை கடுமையாகி, தெருவில் பொட்டலத்தின் விலையும் ஏறினால் சரக்கு வருவது தடைபடுகிறது என்று கொள்ளலாம். விலை அப்படியே இருந்தால், பிடிபட்டதை வியாபாரி ஏற்கெனவே சேதாரக் கணக்கில் சேர்த்துவிட்டான். உங்கள் தொழிலில் உள்ளவருக்கு இது தெரியாததா?

கேள்வி: பனியன் கம்பெனிக்குப் போகும் என் மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பயப்படாதீர்கள் அம்மா, கூட்டிப்போங்கள். சிகிச்சைக்குப் போவது குற்றமே அல்ல. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தாம் பயன்படுத்தியதற்கான அல்லது சிறிய அளவு வைத்திருந்ததற்கான வழக்கில், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 14446 மத்திய அரசின் இலவச உதவி எண். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பார்ப்பார்கள். ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டுக்கும் பரிசோதனை அவசியம். மாத்திரைத் தூள் ரத்தக் குழாய்க்குள் போகச் செய்தது அல்ல. கை கால் அழுகிப் போனவர்கள் உண்டு. இதை மிரட்டலுக்காகச் சொல்லவில்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் டிரமடால் என்ற வலி மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் பழக்கப்பட்டவர்கள் டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரைக்கு மாறினார்கள். இப்போது கோவை, திருப்பூரில் போலீஸ் பிடிப்பதாக நாம் படிப்பது பெரும்பாலும் அதைத்தான். அதையும் அடைத்தால் மூன்றாவது ஒன்று வரும். பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்காரும் பையனுக்கு வலி எங்கே, எதனால் என்று யாரும் கேட்காத வரை மாத்திரையின் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் மலையில் மக்காச்சோளத்துக்குள் நாலைந்து கஞ்சாச் செடி வைத்தார் என்று ஒருவரைப் பிடித்துப் போனார்கள். மாற்றுப் பயிர் கொடுத்தால் இதெல்லாம் நிற்கும் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
— ஒரு வாசகர், பர்கூர் மலை

நடந்த இடம் ஒன்று உண்டு: தாய்லாந்து. 1959இலேயே அங்கே அபினைத் தடை செய்தார்கள். அறுபதுகளின் நடுவில் வடக்கு மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேர் இருந்தது. காகிதத் தடையை மலை மக்கள் மதிக்கவில்லை. 1969இல் மன்னர் பூமிபோல் ஒரு திட்டம் தொடங்கினார். அபினுக்குப் பதில் பீச் பழம், காப்பி, காய்கறி, பூ. நாற்று மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. சாலை போட்டார்கள், பள்ளி வைத்தார்கள், விளைந்ததைத் தாங்களே வாங்கி, பதப்படுத்தி, நகரத்தில் விற்றார்கள். செடியைப் பிடுங்கும் வேலையை முறையாக ஆரம்பித்தது 1984இல்தான், பதினைந்து ஆண்டு கழித்து. இந்த வரிசைதான் முக்கியம். நாம் தலைகீழாகச் செய்வோம்: முதலில் பிடுங்குவோம், பிறகு கருத்தரங்கு நடத்துவோம்.

தாய்லாந்துக் கதையும் முழு வெற்றி இல்லை. எல்லை தாண்டி மியான்மரில் சாகுபடி இருந்தது. இன்று அங்கிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதை மாத்திரை கோடிக்கணக்கில் தாய்லாந்துக்குள் வருகிறது. அதற்கு வயலே வேண்டாம், ஒரு கொட்டகை போதும். ஆனாலும் அந்த மலைக்காரர் இன்று காப்பி விற்றுப் பிழைக்கிறார். பர்கூருக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். மழைக்காலத்தில் விளைந்ததை அந்தியூர் சந்தைக்கு இறக்க என்ன வாடகை, அங்கே என்ன விலை என்று பாருங்கள். உங்கள் ராகியையும் சாமையையும் மலையிலேயே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் நாலு செடிக்காக எவன் சிறைக்குப் போவான்?

கேள்வி: 1937இல் ராஜாஜி மதுவிலக்கைச் சேலத்தில்தான் தொடங்கினார். அது வெற்றியா, தோல்வியா? கள் விஷயத்தில் உங்கள் கட்சி எது?
— கள் இயக்க அனுதாபி, சிவகிரி

1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். அன்றைய சேலத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் அடக்கம். குடிக்காத வீட்டில் சாப்பாடும் துணியும் கூடியது என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார் ராஜாஜி. மதுவிலக்கு பிறகு வந்தது, போனது, மறுபடி வந்தது, போனது. விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் விடுமுறை எடுக்கவில்லை. இப்போது மதுவின் மேலேயே அது விழுகிறது.

கள் பற்றி: 1987 முதல் தடை. பனையேறி கள் இறக்கினால் வழக்கு, அரசுக் கடையில் பிராந்தி வாங்கினால் ரசீது. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற நச்சால், கள்ளால் அல்ல. இதற்கு மேல் எழுதினால் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு கட்சியும் வந்து உட்காரும். நடவு நேரம், எனக்கு வேலை இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு ஆண்டு அபினோடு இருந்தீர்களே, ருசி பார்த்ததுண்டா?
— குறும்பன், கரூர்

எடை மையத்தில் விரலில் ஒட்டியது ஒரு தடவை நாக்கில் பட்டது. வேப்பங்காய் தோற்றுப்போகும் கசப்பு. வாசம் அதைவிட மோசம். பச்சைத் தழை மட்கிய நெடி சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. சித்திரை மாதம் முழுக்க என் துணியை மனைவி தனியாகத்தான் ஊறவைப்பார். கரூரில் நல்ல காப்பி கிடைக்கிறது, தம்பி. அதைக் குடியுங்கள்.